கோடை மெழுகு

சந்தை கலைந்த பிறகு தராசுக்கு என்ன வேலை? பனி உருகி ஓடிய பிறகு சறுக்குப் பலகைக்கும் அதே கதிதான் என்று மாடக்கண்ணு நினைத்திருந்தார்.

மாடக்கண்ணு சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பதினைந்து வயதில் மாட்டுத் தரகில் அடிபட்டு உதைபட்டு, பிறகு பழ வியாபாரத்துக்கு மாறியவர். ஆப்பிள் பிடிக்க லாரியோடு இமயமலைக்கு வந்தார். வந்த இடத்தில் பனி கொட்டிக் கணவாய் அடைபட்டது. கணவாயைத் திட்டினார். பனியைத் திட்டினார். ஒரு பாவமும் அறியாத லாரி டிரைவரைத் திட்டினார்.

திட்டி முடித்துத் திரும்பியபோது, ஒரு பெண் இரண்டு நீளப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி வந்தாள். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இது எத்தனை நாள்ல வரும்?” என்றார் மாடக்கண்ணு.

“எது?”

“இந்தச் சத்தமில்லாம இறங்குறது.”

“விழுந்து பாருங்க, அண்ணே,” என்றாள்.

விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். அந்தக் குளிர்காலம் போய் அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. இலை உதிரும் காலத்தில் ஆப்பிள் ஏற்றி ஊருக்கு அனுப்புவார். பனி விழுந்ததும் சீடனாகிவிடுவார்.

அவள் பெயர் ஆங்மோ. அந்த மலைக்காரி. வருகிறவர்களுக்குப் பலகையை வாடகைக்குக் கொடுப்பாள், சறுக்கவும் சொல்லிக்கொடுப்பாள். வயது முப்பது. சீடனுக்கு ஐம்பது, தொந்தி தனி. மகள் வயதுக்காரியை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிடுகிறானே இந்த மதராசி என்று கடைத்தெரு சிரித்தது. சிரிக்கிறவனுக்குப் பல் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இருவரும் பேசிக்கொண்டது ஒட்டுப்போட்ட இந்தி. கதையில் அது தமிழாகவே இருக்கட்டும்.

குளிர்காலத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கோடை வந்தால்தான் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தார்.

ஊரில் வீடு இருந்தது. வீட்டில் பெண்டாட்டி கோமு இல்லை.

மச்சினன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று நடந்தது அது. முதல் பந்தி நிரம்பிவிட்டது, மாப்பிள்ளை அடுத்த பந்தியில் உட்காரட்டும் என்று யாரோ சொன்னார்கள். மாடக்கண்ணு சாம்பார் வாளியை எத்திவிட்டார். புதுச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் சாம்பார். துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு உள்ளே போன கோமு, துடைத்து முடித்த பிறகும் அந்த வீட்டைவிட்டு அவரோடு கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் போன் போடுவார். கோமு எடுப்பாள். எடுக்காமல் ஒருநாளும் விட்டதில்லை.

“வரட்டா, வேண்டாமா? ஒரே வார்த்தை.”

பதில் இருக்காது.

“கேக்குதா, இல்லியா?”

பதில் இருக்காது.

“வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கத்திவிட்டு அவரே வைத்துவிடுவார்.

மாட்டுச் சந்தையில் துண்டால் மூடி, விரல் பிடித்து விலை பேசிப் பழகிய கை அது. துண்டுக்குள் எதிராளியின் விரலைப் பிடித்தால், விலை படியாமல் விடமாட்டார். விரல் வலி பொறுக்காமலே பல பேர் இறங்கி வந்திருக்கிறார்கள். ராத்தங்கின பேரம் ஊசிப்போன சோறு என்பார். கோமுவின் விரல்தான் இரண்டு வருடமாகத் துண்டுக்குள் அகப்படவே இல்லை.

அந்த வருடம் சறுக்க வந்த கடைசி விருந்தாளியும் பஸ் ஏறிப் போனார். சரிவுகளில் மண் தெரிய ஆரம்பித்தது. மாடக்கண்ணு ஆங்மோவின் கடை வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“வாயைத் திறக்காத ஆள்கிட்ட எப்படிப் பதில் வாங்குறது?”

ஆங்மோவுக்குக் கோமுவைப் பற்றித் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும். அவள் மூலையில் குவிந்து கிடந்த பலகைகளைப் பார்த்தாள்.

“இதையெல்லாம் கோடைக்கு எடுத்து வைக்கணும். கை கொடுக்கிறீங்களா?”

“இதுதான் என் கேள்விக்குப் பதிலா?”

“இல்ல. இது எனக்கு வேலை.”

மாடக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

வேலை நிறைய இருந்தது. பலகையின் அடிப்பக்கம் குளிர்காலம் முழுக்க மண்ணும் பிசினும் தின்றிருந்தது. அதைத் துடைக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஓடுகிற இரும்புப் பட்டையில் பிசிறு இருந்தால் அரத்தால் ராவ வேண்டும். ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் காய வேண்டும். பிறகு சூடான இஸ்திரிப் பெட்டியில் மெழுகுக் கட்டியை வைத்தால், மெழுகு சொட்டுச் சொட்டாக இறங்கும். அதைப் பெட்டியாலேயே பலகை முழுக்க இழுத்துத் தேய்க்க வேண்டும்.

மெழுகு வேலையில் மாடக்கண்ணு கெட்டிக்காரர். குளிர்காலத்தில் தினமும் செய்ததுதான். மெழுகு ஆறியதும் சுரண்டியை எடுத்து, மேலே நிற்பதையெல்லாம் வழித்து எறிந்து, தூரிகை போட்டுவிட்டால் பலகை கண்ணாடியாகிவிடும். அவர் சுரண்டிய பலகையில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.

அப்படியே முதல் ஜோடியைச் சுரண்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். மனசு குளிர்ந்தது.

ஆங்மோ டீயோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். டீயை வைத்துவிட்டு, அந்த ஜோடியை எடுத்து மேசையில் போட்டு, மறுபடி மெழுகை உருக்கி ஊற்றினாள். முன்னதைவிடத் தடிப்பாக. இரும்பு ஓரமும் மூடிப்போகிற மாதிரி.

“பளிச்சுன்னு வச்சிருந்தேனே.”

“பளிச்சுன்னுதான் இருந்தது.”

“பின்ன?”

“இது இப்படியே இருக்கட்டும்.”

“சுரண்டாமலா?”

“சுரண்டாம.”

மாடக்கண்ணு குனிந்து பார்த்தார். ஆறிய மெழுகு திட்டுத் திட்டாக, வெளுத்து, அசிங்கமாக நின்றது.

“சொறி புடிச்ச மாடு மாதிரி இருக்கு, டீச்சரம்மா. பாக்கிறவன் என்ன சொல்வான்? மாடக்கண்ணு பாதியில போட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லமாட்டானா?”

“சொல்வாங்க.”

“எப்பத்தான் சுரண்டுறது?”

“முதல் பனி விழுந்ததும்.”

“அதுவரைக்கும்?”

“டீ ஆறுது, அண்ணே.”

டீயைக் குடித்தார். சொன்னபடியே மற்றதையெல்லாம் தடிப்பாக மெழுகி வைத்தார். ஆனால் ஒரே ஒரு ஜோடியை மட்டும் அவள் பார்க்காத நேரத்தில் சுரண்டிப் பளபளப்பாக்கி, கதவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தார். அரைகுறை வேலைகளுக்கு நடுவில் ஒன்றாவது முழுசாக இருக்கட்டுமே என்று.

இடையில் மழை பெய்தது. மழை விட்ட பிறகு கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். பளபளப்பு அப்படியே இருந்தது. இரும்பு ஓரத்தில் செந்தூரம் பூசிய மாதிரி துரு. விரலால் தேய்த்தார், விரலில் ஒட்டியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துருவை ராவித் துடைத்து, மெழுகைப் பூசினார். சுரண்டவில்லை.

ஆங்மோ வாசலில் நின்று மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தாள். பார்த்தாளா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் போன் போட்டார். கடைக்கு வெளியே ஓர் இடிந்த சுவர். அதன்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வரட்டா, வேண்டாமா. ஒரே வார்த்தை. கொழுக்கட்டை. மலை எதிரொலித்தது. வைத்துவிட்டார்.

மூக்கு விடைக்க உள்ளே வந்தவருக்கு ஜோடி கட்டுகிற வேலை காத்திருந்தது.

சறுக்குப் பலகை தட்டையானதில்லை. நடுவில் லேசாக வில் போல மேலே எழும்பியிருக்கும். இரண்டையும் அடியோடு அடி சேர்த்து வைத்தால், தலையும் வாலும் ஒட்டும். நடுவயிறு ஒட்டாது, விரல் நுழைகிற இடம் இருக்கும். லாரியில் சுமை கட்டிப் பழகிய கண்ணுக்கு அந்தச் சந்து பொறுக்குமா? மாடக்கண்ணு நடுவில் கட்டுகிற வார்ப்பட்டையைப் போட்டார். முழங்காலை ஊன்றி அழுத்தினார். பல்லைக் கடித்து இழுத்தார். சந்து மறைந்தது. ஒவ்வொரு ஜோடியையும் அப்படியே இறுக்கி, செங்கல் அடுக்கிய மாதிரி அடுக்கினார். கோபம் பாதி அதில் இறங்கிவிட்டது.

ஆங்மோ வந்தாள். மேலே இருந்த ஜோடியின் நடுவில் விரலை விடப் பார்த்தாள். நுழையவில்லை. பட்டையை அவிழ்த்தாள்.

டொக் என்று பலகைகள் விலகின.

அடுத்ததை எடுத்தாள். டொக்.

“என்ன பண்றீங்க?” என்றார் மாடக்கண்ணு.

“அவிழ்க்கிறேன்.”

“அது கண்ணுக்குத் தெரியுது. ஏன்?”

“இறுகிப்போச்சு.”

“கட்டுன்னா இறுகத்தான் செய்யும். தொளதொளன்னு கட்டுன சரக்கு முதல் கொண்டையூசி வளைவுலயே இறங்கிரும். முப்பது வருஷமா லாரி கட்டுன கை இது.”

“போய்ச் சேர்ந்ததும் லாரியை அவிழ்த்துருவீங்கல்ல?”

“அவிழ்க்காம?”

“இது எங்கேயும் போகல, அண்ணே.”

அவள் அடுத்ததை அவிழ்த்தாள். டொக்.

மாடக்கண்ணுவுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. கையிலிருந்த பட்டையை வீசி அடித்தார். அது கெட்டிலில் பட்டு, கெட்டில் உருண்டு, டீ தரையெல்லாம் ஓடியது.

“எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும். பேசவே மாட்டேங்கிறவ ஒருத்தி அங்க. பேசினா விளங்காதவ ஒருத்தி இங்க. நடுவுல கிடந்து நான் சாகுதேன்.”

ஆங்மோ கெட்டிலை நிமிர்த்தி வைத்தாள்.

அவர் தான் தங்கியிருந்த மாடியறைக்கு ஏறித் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினார். அவள் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் கால் ஒரு நிமிடம் படியில் நின்றுவிட்டது. வேறொரு வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது.

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு,” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். “வடக்குச் சரிவுல வெயில் படாத இடத்துல கொஞ்சம் பனி மிச்சம் இருக்கு. கடைசியா ஒரு தடவை இறங்கிட்டுப் போறீங்களா?”

சறுக்க வா என்றால் வேண்டாம் என்று சொல்கிற வாய் மாடக்கண்ணுவுக்கு இன்னும் முளைக்கவில்லை. பையை வாசலில் வைத்தார்.

அவள் பரணிலிருந்து இரண்டு ஜோடி பழைய மரப் பலகைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் ஏறினார்கள். மேலே வேட்டிகளை வரிசையாக விரித்துப் போட்ட மாதிரி நீளமாகப் பனி கிடந்தது. அவள் ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டு இறங்கினார். பலகை பனியோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. திருப்ப முயன்றார், திரும்பவில்லை. அழுத்தினார், பிணத்தை அழுத்தியது போல இருந்தது. பாதி வழியில் முகம் குப்புற விழுந்தார்.

மீசையில் பனியோடு எழுந்தார். அவள் இறங்கி வந்து மற்ற ஜோடியைக் கொடுத்தாள்.

மறுபடி ஏறி இறங்கினார். இந்தத் தடவை காலடியில் ஏதோ உயிரோடு இருந்தது. அழுத்தினால் அமுங்கியது, விட்டால் எழும்பியது, அந்த எழும்பலிலேயே அவரைத் திருப்பிவிட்டது. சத்தமே இல்லாமல் வந்து அவள் காலடியில் நின்றார்.

“முதல்ல கொடுத்தீங்களே, அது என்ன விறகு?”

“இதோட கூடப் பிறந்தது. ஒரே மரம், ஒரே தச்சன்.”

“பொய். அது செத்துக் கிடக்கு.”

அவள் அருகிலிருந்த தட்டைப் பாறையில் இரண்டு ஜோடியிலிருந்தும் ஒவ்வொரு பலகையை வைத்தாள். ஒன்றின் அடியில் அவள் விரல்கள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தன. மற்றது பாறையோடு பாறையாகப் படுத்திருந்தது.

“இதை ஒருத்தர் கோடை முழுக்க இறுக்கிக் கட்டி வச்சிருந்தார்.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

“நல்ல வேலைக்காரர். ஒரு கட்டுகூட நெகிழல.”

மாடக்கண்ணு மீசையைத் துடைத்தார். செத்த பலகையின் அடியில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை. பஸ் கீழே வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

கீழே வந்ததும் பையை எடுத்து உள்ளே வைத்தார். அடுக்கின் முன்னால் உட்கார்ந்து, தான் கட்டியதையெல்லாம் தானே அவிழ்த்தார். டொக். டொக். டொக்.

ஆங்மோ ஒரு கூடை நிறைய சின்னச் சின்ன மரக்கட்டைகளைக் கொண்டுவந்தாள். தீப்பெட்டி அளவு. ஒவ்வொரு ஜோடியின் நடுவிலும் ஒரு கட்டையைச் சொருகி, தலையிலும் வாலிலும் மட்டும் பழந்துணியால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“இவ்வளவுதானா கட்டு?” என்றார் மாடக்கண்ணு.

“இவ்வளவுதான்.”

“பிரிஞ்சு போயிடாது?”

“தலை தொடுது. வால் தொடுது. எங்க போகும்?”

அவரும் கட்டினார். முதல் சில முடிச்சுகளை அவர் கை தானாக இறுக்கியது. அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். கட்டியதையெல்லாம் பின்னறைக்குத் தூக்கிப் போனார்கள். வெயில் புகாத, அடுப்புச் சூடு எட்டாத அறை அது. வேலை முடியாமலே அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கூடையில் மிஞ்சிய ஒரு கட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இடிந்த சுவர்மேல் ஏறினார். போன் போட்டார். கோமு எடுத்தாள்.

“வர—” என்று ஆரம்பித்த வாயை மூடிக்கொண்டார். பையிலிருந்த கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“நான்தான்,” என்றார்.

பதில் இல்லை.

அவரும் பேசவில்லை. கத்தாமல் போனைக் காதில் வைத்திருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. குக்கர் விசில். கோழி ஒன்று. யாரோ ஒரு பிள்ளை ‘அத்தே’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியது. அதற்கெல்லாம் அடியில், மெதுவாக, கோமு மூச்சு விடுவது கேட்டது. இரண்டு வருடமாக இதெல்லாம் இந்தப் போனுக்குள்தான் இருந்ததா என்று நினைத்துக்கொண்டார்.

நாக்கு நுனிவரை வந்து நின்றது ஒரே வார்த்தை. கட்டையை அழுத்திப் பிடித்தார்.

“அங்க இன்னும் குளிரா?” என்றாள் கோமு.

மாடக்கண்ணு தொண்டையைச் செருமினார். “இல்ல. வெயில் வந்துட்டு.”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “பால் பொங்குது. வைக்கேன்,” என்றாள். வைத்தாள். எப்போதும் அவர்தான் வைப்பார். இந்தத் தடவை அவள் சொல்லிவிட்டு வைத்தாள்.

சுவரிலிருந்து குதித்தார். ஐம்பது வயதும் தொந்தியும் குலுங்க ஓடிவந்தார். ஆங்மோ கடைசி ஜோடியைத் தூக்கிக்கொண்டு பின்னறை வாசலில் நின்றாள்.

“கேட்டுட்டா, டீச்சரம்மா. அங்க குளிரான்னு கேட்டுட்டா.”

“நல்லது, அண்ணே.”

“நீங்க வேற, நல்லதுங்கிறீங்க. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷத்துல இப்பத்தான் வாயைத் திறந்திருக்கா.” போன் இன்னும் அவர் கையில் இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் தயாராக வைத்துக்கொண்டார். “சூட்டோட சூடா இப்பவே திரும்பப் போட்டு, வரட்டா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில படிய வச்சிரட்டா? நீங்க சொல்லுங்க. போடட்டா?”

ஆங்மோ ஜோடியை உள்ளே சாய்த்து வைத்தாள். நடுவில் கட்டை சரியாக நிற்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

“வெளிய வானம் எப்படி இருக்கு?”

மாடக்கண்ணு வாசலுக்கு வந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

“துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. சுள்ளுன்னு வெயில்.”

“பனி விழுமா?”

“என்ன கேக்கிறீங்க, டீச்சரம்மா? கோடை இப்பத்தானே ஆரம்பிக்குது.”

“பனி விழும், அண்ணே. ஒரு வருஷமும் விழாம இருந்ததில்ல,” என்றாள் அவள், அவர் கையிலிருந்த போனைப் பார்த்து. “அதுவரைக்கும் சுரண்டியைக் கீழே வைங்க.”